வறுமையை அளத்தலும் கணித்தலும்: எந்திரக் கற்றல் ஆய்வுகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

வறுமையைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் வழங்கி வந்துள்ளன. நல்குரவு, மிடி, இன்மை, இலம்பாடு என அவை விரியும். திருவள்ளுவர் நல்குரவு என்னும் அதிகாரத்தை அடுத்து இரவு, இரவச்சம் ஆகிய இரண்டனையும் வைத்துள்ளார். இல்லாமை ஒன்று, அதனைப் பிறர்முன் சொல்லிக் கேட்டல் இன்னொன்று, அவ்வாறு கேட்க அஞ்சுதல் வேறொன்று என்னும் பகுப்பு அவ்வைப்பு முறையிலேயே அடங்கியிருக்கிறது. வறுமையை அளக்கப் புகும் எவரும் முதலில் எதிர்கொள்ள வேண்டிய சிக்கலும் இதுவே. இல்லாதவர் யாவரும் தம் இல்லாமையைச் சொல்வதில்லை. சொல்பவர் சொல்வதெல்லாம் படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்குவதுமில்லை.

கடந்த பத்தாண்டுக் காலத்தில் இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டுவிட்டதாகக் கூறும் ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. குடும்ப அளவாய்வுத் தரவுகளைத் துணைக்கோளப் படங்களோடும் கைத்தொலைபேசிப் பதிவுகளோடும் இணைத்து, எந்திரக் கற்றல் வழியாக வறியோர் வாழும் இடங்களையும் வறியோரையும் கண்டறியலாம் என்பது அவற்றின் கூற்று. இக்கட்டுரை அவற்றுள் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் மூன்றினைத் திறனாய்வு நோக்கில் அணுகி, அம்முறை மலேசியச் சூழலுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை ஆராய முற்படுகிறது. இவ்வாய்வு முறைகளை மறுப்பது கட்டுரையாளரின் நோக்கமன்று. அவற்றை ஏற்பதற்கு முன் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் சில உள்ளன. நம் நாட்டில் அவை இன்னும் போதிய அளவு கேட்கப்படவில்லை என்பதே இதனை எழுதத் தூண்டியது.

எந்திரம் கற்கும் பாடம்

எந்திரக் கற்றல் என்பதை ஆசிரியர்களுக்கு விளக்குதல் எளிது. கேள்வித்தாள்களையும் அவற்றுக்குரிய விடைகளையும் ஆயிரக்கணக்கில் ஒரு மாணவனிடம் கொடுத்து, விதி எதனையும் கற்பிக்காமல், இரண்டுக்கும் உள்ள தொடர்பை அவனே கண்டுகொள்ளுமாறு விடுவதை ஒத்தது அது. பின்னர் விடையில்லாத கேள்வித்தாளைக் கொடுத்தால் அவன் விடையை ஊகிப்பான். வறுமை ஆய்வில் கேள்வித்தாளின் இடத்தில் இருப்பது துணைக்கோளப் படம் அல்லது தொலைபேசிப் பதிவு. விடைத்தாளின் இடத்தில் இருப்பது வீடு வீடாகச் சென்று நடத்தப்பெற்ற குடும்ப அளவாய்வு. ஆகவே எந்திரம் வறுமையை நேரே காண்பதில்லை. அளவாய்வு எதனை வறுமை என்று எழுதி வைத்ததோ அதனையே அது மறுமுறை எழுத முயல்கிறது. இவ்வுண்மை பின்வருவன அனைத்துக்கும் அடிப்படையாகும்.

2015ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' ஆய்விதழில் ஜோஷுவா புளூமன்ஸ்டாக்கும் அவர்தம் துணையாய்வாளர்களும் ருவாண்டா நாட்டைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். 856 பேரிடம் தொலைபேசி வழியே அவர்தம் உடைமைகளையும் வீட்டு வசதிகளையும் கேட்டறிந்து, அவர்கள் யாரோடு, எப்போது, எத்தனை முறை பேசினர் என்னும் பதிவுகளோடு அவ்விடைகளைப் பொருத்தினர். அதனின்று பெற்ற தொடர்பைக் கொண்டு ஏறத்தாழ 15 இலட்சம் வாடிக்கையாளர்களின் பொருளாதார நிலையை ஊகித்தனர். 856 என்னும் எண்ணும் 15 இலட்சம் என்னும் எண்ணும் அருகருகே நிற்பதே அக்கட்டுரைக்குப் புகழ் தேடித் தந்தது எனலாம்.

அடுத்த ஆண்டில் அதே இதழில் வெளிவந்த நீல் ஜீன், மார்ஷல் பர்க் முதலியோரின் ஆய்வு இன்னும் பரவலாக அறியப்பட்டதாகும். நைஜீரியா, தான்சானியா, உகாண்டா, மலாவி, ருவாண்டா ஆகிய ஐந்து நாடுகளின் பகல்நேரத் துணைக்கோளப் படங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். இரவில் ஒளிரும் விளக்குகளைக் கொண்டு மட்டும் ஏழ்மையை அளக்க முயன்ற முந்தைய முறைகளில் ஒரு குறை இருந்தது. வறியோர் வாழும் இடமெல்லாம் ஒரே இருளாக இருக்கையில், வறியோருக்கும் மிக வறியோருக்கும் உள்ள வேறுபாட்டை அவ்விருள் காட்டுவதில்லை. இவ்வாய்வாளர் முதலில் பகற்படத்தைக் கொண்டு இரவொளியை ஊகிக்க எந்திரத்தைப் பழக்கினர். சாலை, கூரை, விளைநிலம், நீர்நிலை போன்ற கூறுகளை அப்பயிற்சியில் அது தானே பிரித்தறியக் கற்றது. பின்னர் அக்கூறுகளைக் குடும்ப அளவாய்வின் நுகர்வு, உடைமைக் கணக்குகளோடு பொருத்தினர். சூழ்ச்சித் திறம் மிக்க வழி என்பதில் ஐயமில்லை.

ஆனால் இவ்வாய்வு மேற்கோளாக வழங்கும்போது ஒரு பிழை உடன் வருகிறது. வட்டாரங்களுக்கிடையே காணப்படும் பொருளாதார வேறுபாட்டில் 75 விழுக்காடு வரை இம்முறை விளக்குகிறது என்பது ஆய்வாளர் கூற்று. இது கைமாறிக் கைமாறி, எந்திரம் நூற்றுக்கு எழுபத்தைந்து ஏழைகளைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது என்பதாக மேடைகளில் ஒலிக்கக் கேட்டிருக்கிறோம். இரண்டும் வேறு. முதலாவதாக, 75 என்பது உடைமைக் கணக்கில், சிறப்பாக அமைந்த நாட்டில் பெற்ற உச்ச அளவு. நுகர்வுக் கணக்கில் அது 37 முதல் 55 விழுக்காடு வரையே அமைந்தது. இரண்டாவதாக, அங்கே அளக்கப்படுவது வீடன்று, வீடுகளின் தொகுதி. ஓர் ஊர் மற்றோர் ஊரைவிட ஏழ்மையானது என்று சொல்ல முடிந்த முறையால், அவ்வூரின் எந்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்று சொல்ல இயலாது. மேலும், மக்கள்தொகை நலவாய்வுகள் அளவாய்வில் பங்கேற்றோரின் அடையாளம் வெளிப்படாதிருக்க இடக்குறிப்பை வேண்டுமென்றே நகர்த்தி வெளியிடுவது வழக்கம். நகர்ப்புறத்தில் 2 கிலோமீட்டர் வரையிலும் கிராமப்புறத்தில் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் வரையிலும் இந்நகர்வு இருக்கும். விடைத்தாளே இவ்வாறு சற்றுத் தள்ளி வைக்கப்பட்டிருக்கையில், வீட்டளவிலான நுட்பத்தை எதிர்பார்ப்பது முறையன்று. இதனைக் குறையாகக் கூறவில்லை. அம்மக்களின் மறைவுரிமைக்காகச் செய்யப்படுவது அது. மேற்கோள் காட்டுவோர் இதனை அறிந்து காட்டல் வேண்டும் என்பதே கருத்து.

டோகோ தந்த சோதனை

மூன்றாவது ஆய்வு ஏட்டளவில் நில்லாமல் மக்களிடம் பணமாகச் சென்றது. மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோ, 2020 ஏப்ரலில் கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் நோவிசி என்னும் உதவித் திட்டத்தைத் தொடங்கியது. ஏவே மொழியில் அச்சொல் ஒற்றுமையுணர்வைக் குறிக்கும். அந்நாட்டில் ஏழைக் குடும்பங்களின் பதிவேடு எதுவும் அப்போது இல்லை. ஊரடங்கு வேளையில் வீடு வீடாகச் செல்லவும் இயலாது. ஆகவே துணைக்கோளப் படங்களைக் கொண்டு 397 வட்டாரங்களுள் மிக வறிய 100 வட்டாரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவ்வட்டாரங்களில் பதிவு செய்தோருள், நாளொன்றுக்கு 1.25 அமெரிக்க டாலருக்கும் குறைவாகச் செலவிடுவோர் எனத் தொலைபேசிப் பதிவுகளைக் கொண்டு ஊகிக்கப்பட்டவர்களுக்குப் பணம் கைத்தொலைபேசி வழியாகவே அனுப்பப்பட்டது.

2022இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த இத்திட்டத்தின் மதிப்பீடு நேர்மையானது, அதனாலேயே பயனுள்ளது. அரசு அப்போது கருதியிருந்த வட்டார அடிப்படையிலான வழிகளோடு ஒப்பிட, தகுதியிருந்தும் விடுபடுவோரின் தொகையை எந்திரக் கற்றல் 4 முதல் 21 விழுக்காடு வரை குறைத்தது. ஆனால் முழுமையான சமூகப் பதிவேடு ஒன்று இருந்திருந்தால் கையாளக்கூடிய முறைகளோடு ஒப்பிட, விடுபடும் பிழை 9 முதல் 35 விழுக்காடு வரை கூடுகிறது. இவ்விரண்டாவது வரியை எடுத்துக்காட்டுவோர் குறைவு. பதிவேடில்லாத நாட்டில், நெருக்கடி வேளையில், ஒன்றுமில்லாததைவிட இது மேல் என்பதே அவ்வாய்வின் முடிவு. பதிவேடு வைத்திருக்கும் நாடுகளுக்கு அம்முடிவை அப்படியே பெயர்த்தெழுத இயலாது. அன்றியும், கைத்தொலைபேசியும் வாக்காளர் அட்டையும் இல்லாதவர் அத்திட்டத்தின் வாயிலுக்கே வர முடியவில்லை. அவர்களை எந்திரம் தவறாகக் கணித்தது என்று சொல்வதற்கில்லை, கணிக்கவே இல்லை.

மலேசியா: 0.4 என்னும் பாடம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2016இல் மலேசியாவின் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு என அறிவிக்கப்பட்டிருந்தது. சராசரி வறுமைக் கோடு குடும்பமொன்றுக்கு மாதம் 980 ரிங்கிட். 2019 ஆகஸ்டில் ஐக்கிய நாட்டுச் சபையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கு வந்து, இக்கோடு வாழ்க்கைச் செலவோடு பொருந்தாது என வெளிப்படையாகக் குறைகூறியமை நினைவிருக்கலாம். அதன்பின் 2020 ஜூலையில் புதிய கணக்கிடும் முறை அறிவிக்கப்பட்டது. நலமான உணவுக்குரிய செலவும் உணவல்லாத அடிப்படைத் தேவைகளும் விரிவாகக் கருதப்பட்டு, 2019ஆம் ஆண்டுக்குரிய கோடு 2,208 ரிங்கிட்டாக உயர்ந்தது. வறுமை விகிதம் 5.6 விழுக்காடானது. அம்முறையையே பின்னோக்கிப் பொருத்தியபோது 2016ஆம் ஆண்டின் விகிதம் 7.6 விழுக்காடு எனத் தெரியவந்தது.

ஒரே ஆண்டு, அதே மக்கள், அதே வருமானம். ஒரு கணக்கில் 0.4, மற்றொரு கணக்கில் 7.6. இடையிலுள்ள ஏழு விழுக்காட்டினர் எங்கும் போகவில்லை, எங்கிருந்தும் வரவுமில்லை. இப்போது 2016ஆம் ஆண்டின் விடைத்தாளைக் கொண்டு ஓர் எந்திரத்தை அன்றே பழக்கியிருந்தால் அது எதனைக் கற்றிருக்கும்? இந்நாட்டில் ஏழைகள் இல்லை என்பதையே கற்றிருக்கும். எவரைக் காட்டினாலும் 'ஏழையல்லர்' என்று மட்டுமே சொல்லும் எந்திரமொன்று அந்தத் தரவின்படி 99.6 விழுக்காடு துல்லியமானதாக மதிப்பெண் பெறும். துல்லியம் என்னும் சொல்லை விளம்பரங்களில் காணும்போதெல்லாம் இந்த எந்திரத்தை நினைவில் கொள்ளுதல் நன்று.

இன்னொரு தன்மையும் கருதத்தக்கது. இத்தகைய கணிப்புகள் இயல்பாகவே நடுநிலை நோக்கிச் சுருங்குவன. மிக வறியவரை உள்ளதைவிடச் சற்று மேலாகவும், செல்வரைச் சற்றுக் கீழாகவும் காட்டும். செல்வர் கீழே காட்டப்படுவதால் பெரிதாக ஒன்றும் கெடுவதில்லை. அடிமட்டத்தில் இருப்பவர் கோட்டிற்குச் சற்று மேலே காட்டப்பட்டால் அம்மாத உதவி நின்றுபோகும்.

ஆப்பிரிக்கக் கிராமங்களில் பழக்கப்பட்ட எந்திரத்தின் கண்களுக்குக் கோலாலம்பூரின் வறுமை தென்படாமல் போவதற்கு மற்றொரு காரணம் அதன் வடிவம். அங்கே வறுமை கிடையாகப் பரந்திருக்கிறது. கூரையின் தன்மையே பலவற்றைச் சொல்லிவிடும். இங்கே அது செங்குத்தாக அடுக்கப்பட்டுள்ளது. பிபிஆர் என வழங்கும் மலிவு வாடகை அடுக்குமாடிகளைப் பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து நோக்கினால் தார்ச்சாலையும் கான்கிரீட் கூரையும் விளக்கொளியும் வாகன நிறுத்துமிடமுமே தெரியும். எந்திரம் கற்ற பாடத்தின்படி அவை யாவும் செழிப்பின் அடையாளங்கள். பதினேழாம் மாடியில் மூன்று படுக்கையறைகளில் எத்தனை பேர் உறங்குகின்றனர் என்பது கூரைக்குக் கீழே உள்ள செய்தி.

யுனிசெஃப் 2018இல் வெளியிட்ட 'பிள்ளைகள் இழந்தவை' எனப் பொருள்படும் ஆய்வு, 17 மலிவுவிலை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 966 குடும்பத் தலைவர்களையும் 2,142 பிள்ளைகளையும் உட்படுத்தியது. அன்றைய வருமானக் கோட்டின்படி அப்பிள்ளைகளுள் 7 விழுக்காட்டினரே முற்றுவறுமையில் இருந்தனர். ஆனால் ஐந்து வயதுக்குட்பட்டோருள் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குறுகியிருந்தனர். 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். பத்தில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று வேளை உணவு இல்லை. தலைநகரின் நடுவே, மின்சாரமும் குழாய்நீரும் உள்ள வீடுகளில் நிகழ்ந்தது இது. வருமானம் என்னும் ஒற்றை விடையைக் கற்ற எந்திரத்துக்கும் உயரமளக்கும் கோலை எடுத்துச் சென்ற ஆய்வாளருக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வெண்களைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின் வெளியேறிய இந்தியக் குடும்பங்கள் பலவற்றின் அடுத்த இருப்பிடமாக இத்தகைய அடுக்குமாடிகள் அமைந்தமையால், இச்செய்தி நம் வாசகர்க்குப் புதியதன்று. பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் முகத்தில் இதனைப் படித்தவர்கள் அவர்கள்.

பதிவில் இல்லாதோர் பற்றியும் ஒரு சொல். பிறப்புப் பத்திரமோ நீல அடையாள அட்டையோ இன்றி, அல்லது சிவப்பு அட்டையோடு, தலைமுறையாக இங்கேயே வாழும் இந்தியர்கள் உளர். குடும்ப வருமான அளவாய்வு குடிமக்கள் குடும்பங்களையே கணக்கில் கொள்கிறது. 2024 ஜனவரி 2ஆம் நாள் தொடங்கப்பெற்று மார்ச் 31 வரை பொதுமக்கள் பதிவுக்குத் திறந்திருந்த 'பாடு' என்னும் மத்திய தரவுத்தளமும் அடையாள அட்டை எண்ணையே வாயிலாகக் கொண்டது. டோகோவில் வாக்காளர் அட்டை இல்லாதவருக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேரும்.

ஊரார் அறிந்த ஏழ்மை

எந்திரமும் புள்ளியியலும் ஒருபுறம் இருக்க, ஊராரையே கேட்டால் என்ன? அண்டை நாடான இந்தோனேசியாவில் இக்கேள்வி முறையான சோதனைக்கு உட்பட்டது. அபிஜித் பானர்ஜி, ரெம்மா ஹன்னா, பெஞ்சமின் ஓல்கன் முதலியோர் 640 சிற்றூர்ப் பிரிவுகளில் மேற்கொண்ட ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஒருசார் ஊர்களில் உடைமைகளைக் கொண்டு கணக்கிடும் புள்ளியியல் முறையும், மற்றொருசார் ஊர்களில் ஊர்க்கூட்டம் கூடி வறியவரை வரிசைப்படுத்தும் முறையும், எஞ்சியவற்றில் இரண்டும் கலந்த முறையும் பின்பற்றப்பட்டன. தலைக்குரிய நுகர்வுச் செலவை உரைகல்லாகக் கொண்டால் புள்ளியியல் முறை சற்று மேம்பட்டு நின்றது. ஆயினும் ஊர்க்கூட்டத்தின் முடிவில் மக்களுக்கு மனநிறைவு மிகுதி. செல்வாக்குடையோர் தம் உறவினரைப் புகுத்திவிடுவர் என்னும் அச்சத்துக்கும் அங்கே சான்று கிடைக்கவில்லை.

ஈண்டுக் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஊரார் செய்தது பிழையன்று; அவர்கள் வேறொரு வறுமையை அளந்தனர். கணவனை இழந்தவளையும் உழைக்கும் ஆற்றல் குன்றியவரையும், இன்றைய செலவு எவ்வாறிருப்பினும், ஏழையாக வரிசைப்படுத்தினர். தம்மைத் தாமே ஏழையென மதிப்பிட்டுக்கொண்டோரின் கணிப்போடும் அவ்வரிசை நெருங்கி நின்றது. நுகர்வே உரைகல் என்று முடிவு செய்தவர் ஆய்வாளர். ஊராரை எவரும் அதுபற்றிக் கேட்கவில்லை.

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் பாணனின் வீட்டை இவ்விடத்தில் நினைக்காதிருக்க இயலவில்லை. கூரைக் கட்டு நெகிழ்ந்து, பழஞ்சுவரில் கறையான் ஏறி, காளான் பூத்த அடுக்களையில் ஈன்ற நாய் கிடக்கிறது. அவ்வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்து, அயலார் காண நாணிக் கதவையடைத்து, சுற்றத்தோடு உண்கிறாள். புலவர் தேர்ந்த கூறுகளைக் குறிகாட்டிகளாக எண்ணிப் பார்க்கலாம். கூரையின் நிலை வானிலிருந்து தெரியும். கறையானையும் காளானையும் வீட்டினுள் நுழையும் கணக்கெடுப்பாளர் குறித்துக்கொள்வார். கீரையில் உப்பில்லை என்பதை உண்பவர் சொன்னாலொழிய அறிய வழியில்லை. கதவு அடைக்கப்பட்டதோ எந்தப் படிவத்துக்கும் எதிரானது. வறுமையின் ஒரு கூறே அதனை மறைத்தல் என்பதைப் புலவர் அறிந்திருந்தார். இன்றைய அளவாய்வுகளில் 'பதில் தர மறுத்தவர்' என்றொரு வரிசை உண்டு. அவ்வரிசையில் இவளும் இருப்பாள். அவளிடமிருந்து விடை பெறாத விடைத்தாளைக் கொண்டே எந்திரம் கற்கிறது.

ஆசிரியர் கையில் உள்ள தரவு

இவ்வாய்வுகள் நமக்குத் தொலைவானவை எனத் தமிழாசிரியர்கள் எண்ணிவிடலாகாது. கூடுதல் உணவுத் திட்டத்துக்கும் வறிய மாணவர் உதவி நிதிக்கும் பிள்ளைகளின் குடும்ப வருமானத்தைக் கேட்டு, சான்று பெற்று, கணினியில் பதிவேற்றுவோர் அவர்களே. எந்த வடிவில் எதிர்காலத்தில் எந்திரக் கற்றல் இங்கே வந்தாலும், அது கற்கப்போகும் விடைத்தாளின் ஒரு பகுதி பள்ளி அலுவலகத்தில் எழுதப்படுகிறது. வருமானம் என்னும் கட்டத்தில் தந்தையின் சம்பளச் சீட்டிலுள்ள தொகை ஏறும். அத்தந்தை வீட்டுக்குப் பணம் தருவதில்லை என்பதும், பாட்டியே பிள்ளையை வளர்க்கிறாள் என்பதும் ஆசிரியர்க்குத் தெரிந்திருந்தும் ஏறா.

எனவே இம்முறைகளைக் கையாள முன்வருவோரிடம் மூன்று கேள்விகளையாவது நம் ஆய்வாளர்கள் முன்வைத்தல் வேண்டும். எந்த ஆண்டின், எந்தக் கோட்டின்படி எழுதப்பட்ட விடைத்தாளைக் கொண்டு எந்திரம் பழக்கப்பட்டது? பதிவேட்டுக்கு வெளியே உள்ளோரைச் சேர்க்க என்ன வழி வைக்கப்பட்டுள்ளது? தகுதியில்லை என ஒதுக்கப்பட்டவர் காரணம் கேட்டால் யார், எந்த மொழியில் சொல்வார்? கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். உடைமைகளுக்கு இத்தனை மதிப்பெண் என்னும் பழைய முறையிலேனும், சூத்திரத்தை மறைத்தாலும், பின்னர் எடுத்துக்காட்டி வாதிட இடமிருந்தது. நூற்றுக்கணக்கான தொலைபேசிப் பழக்கங்களிலிருந்து பெறப்பட்ட ஒரு முடிவை, அதனை வடிவமைத்தவராலேயே ஒரு மூதாட்டிக்கு விளக்கிச் சொல்ல முடிவதில்லை.

இதற்கிணையாக ஒரு சிறு முயற்சியை நம் துறைகளே தொடங்கலாம். ஒரு மாவட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில், வருமானப் படிவத்தின்படி உதவிக்குத் தகுதி பெற்றோரின் பட்டியலையும், வகுப்பாசிரியர்கள் தம் அறிவின்படி தனித்து எழுதும் பட்டியலையும், பெயர்களை நீக்கி, ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இரண்டும் எங்கே ஒன்றுகின்றன, எங்கே பிரிகின்றன, பிரியும் இடத்தில் ஆசிரியர் கூறும் காரணம் யாது என்பவற்றைத் தொகுத்தால் போதும். இந்தோனேசியச் சோதனையின் சிறு படியாக அது அமையும். அதற்குத் துணைக்கோளமும் வேண்டியதில்லை, பெரும் நிதியும் வேண்டியதில்லை; பெற்றோரின் இசைவும் ஒரு பள்ளித் தவணையும் வேண்டும்.